சுற்றறிக்கை நாற்பத்தேழும் ஐந்து பூட்ஸும்

அக்தெரெக் மாவட்டத்தில் ஆண்டுதோறும் குளிர்காலம் வருகிறது. கணவாய்க்கு இந்தப் பக்கம் வாழும் ஆடு, குதிரை, காக்கை எல்லாவற்றுக்கும் இது செப்டம்பரிலேயே தெரிந்துவிடும். மாவட்ட நிர்வாகத்துக்கு மட்டும் அக்டோபர் கடைசியில்தான் தகவல் போய்ச் சேரும். சேர்ந்ததும் ஒரு கமிஷன் போடுவார்கள். இந்த வருஷம் போட்டதற்கு 'இலையுதிர் மற்றும் குளிர்காலப் போக்குவரத்துத் தயார்நிலை ஒருங்கிணைப்புக் கமிஷன்' என்று பெயர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்த ஒரே அதிகாரி என்ற தகுதியில் இப்ராயெவ் அதற்குத் தலைவரானார்.

முகாஷுக்குக் கமிஷன் எதுவும் தேவைப்படவில்லை. அவர் இருபத்திரண்டு வருஷமாக ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் தன் வெள்ளை ஜப்பான் காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு, வழக்கம்போல் வேலையை ஆரம்பித்தார். கூலன்ட் மைனஸ் முப்பத்தைந்து வரை தாங்குமா என்று பார்த்தார். பாட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, துடைத்து, கிரீஸ் தடவினார். கண்ணாடி கழுவும் தண்ணீரைக் கொட்டிவிட்டு உறையாத திரவத்தை ஊற்றினார். கதவு ரப்பர்களுக்குச் சிலிகான் பூசினார். பூசாமல் விட்டவன் ஜனவரி காலையில் கதவை இழுத்தால் ரப்பர் கையோடு வரும். பிறகு பால்கனியில் போர்த்தி வைத்திருந்த ஆணி பதித்த குளிர்கால டயர் நாலையும், அதே ரக ஸ்டெப்னியையும் இறக்கி, நண்பர் ஒமூரின் டயர் கடையில் மாட்டிக்கொண்டு வந்தார்.

இந்த வருஷம் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை. மகள் சபீராவுக்குத் தலைநகர் பிஷ்கேக்கில் பெண் குழந்தை பிறந்திருந்தது. மருமகன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள். கிசில்பெல் கணவாயைத் தாண்டிப் போய்த் தாயையும் பிள்ளையையும் பத்திரமாகக் கூட்டிவர முகாஷை விட்டால் ஆளில்லை. கணவாயில் பனி விழ ஆரம்பித்தாயிற்று என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் 'டயர் மாற்றிவிட்டேன்' என்று யாரும் சொல்வதில்லை. "காருக்கு பூட்ஸ் மாத்தியாச்சா?" என்பார்கள். "நேத்தே மாத்திட்டேன்" என்று பதில் வரும். கேட்டவரும் குனிந்து காலைப் பார்ப்பதில்லை, சொன்னவரும் காலைக் காட்டுவதில்லை. இந்த ஏற்பாட்டில் ஒரு குழப்பமும் இல்லாமல்தான் மாவட்டம் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் அலுவலகங்களில் புதிய மோஸ்தர் ஒன்று கிளம்பியிருந்தது. 'மக்கள் மொழியில் எழுதுவோம்' என்று தலைநகரிலிருந்து ஒருவர் வந்து, வண்ண வண்ணக் காகிதங்களைச் சுவரில் ஒட்டி, மூன்று நாள் வகுப்பு எடுத்துவிட்டுப் போனார். இப்ராயெவ் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். 'கார் ஓட்டும் எல்லாரும் நவம்பர் ஒண்ணாந் தேதிக்குள்ள காருக்கு பூட்ஸ் மாத்திடணும்' என்று மக்கள் மொழியில் எழுதி, மொழிநடைப் பிரிவின் பரிசீலனைக்கு அனுப்பினார். மொழிநடைப் பிரிவு சும்மா இருக்குமா? 'பூட்ஸ்' என்பது அன்னியச் சொல் என்று 'காலணி' ஆக்கியது. தலைப்பிலேயே 'மோட்டார் வாகன ஓட்டுநர்கள் கவனத்துக்கு' என்று இருப்பதால் 'காருக்கு' என்பது கூறியது கூறல் என்று அடித்துவிட்டது.

இவ்வாறாக வெளிவந்ததுதான் சுற்றறிக்கை எண் நாற்பத்தேழு: 'மாவட்டத்தின் அனைத்து மோட்டார் வாகன ஓட்டுநர்களும் நவம்பர் முதல் தேதிக்குள் குளிர்காலக் காலணிக்கு மாறியிருத்தல் வேண்டும்.' பின்னிணைப்பில் பழைய டயர் விதிகள் அப்படியே இருந்தன. டயர் என்று வந்த இடத்திலெல்லாம் காலணி என்று போட்டிருந்தார்கள். நான்கும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். அடிப்பக்கப் பள்ளம் நாலு மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆணி பதித்ததாக இருந்தால் பின்புறம் முக்கோண எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். உபரியாக ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை முகாஷ் பயணிகளோடு கிளம்பினார். கணவாய் அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் இன்ஸ்பெக்டர் செயித் கையைக் காட்டினான். செயித்தின் கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்து வந்ததே முகாஷின் காரில்தான்.

"இறங்குங்கண்ணே. காலை நீட்டுங்க."

"எந்தக் காலை?"

"ரெண்டையும்தான். ஒரு கால மட்டும் பாத்து எப்படி எழுதறது?"

முகாஷ் சிரித்துக்கொண்டே இருக்கையில் திரும்பி உட்கார்ந்து காலை வெளியே நீட்டினார். செயித் சிரிக்கவில்லை. டயர்ப் பள்ளம் அளக்கும் கருவியை எடுத்து, முகாஷின் பழைய கான்வாஸ் ஷூவின் அடியில் வைத்து அளந்தான்.

"அரை மில்லிமீட்டர். அதுவும் இடது பக்கம் மட்டும். இது முழுக்க முழுக்கக் கோடைக்கால ரகம். கணவாய்க்கு விட முடியாதுண்ணே."

"டேய் செயித்து, காரைப் பாருடா. நாலும் ஆணி டயர்! போன வருஷம் வாங்கினது."

"பாத்தேன். அருமையான டயர். ஆனா டயர்னு படிவத்துல ஒரு கட்டமே இல்லையே. நான் எங்க எழுதுவேன்?"

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு நீலக் கார் வந்து நின்றது. அதன் டயர்கள் சவரம் செய்த கன்னம்போல் வழுவழுவென்றிருந்தன. ஓட்டியவர் முழங்கால் வரை ஏறிய, பூவேலை செய்த கம்பளி பூட்ஸை ஜன்னல் வழியாகவே தூக்கிக் காட்டினார். செயித் அளந்து பார்த்து, சல்யூட் அடித்து, முன்கண்ணாடியில் 'குளிர்காலத்துக்குத் தயார்' என்ற பச்சை வில்லையை ஒட்டி அனுப்பினான். அந்தக் கார் மேட்டில் ஏறும்போதே பின்பக்கம் இரண்டு முறை ஆடியது.

முகாஷ் பயணிகளை இறக்கி வேறு காரில் ஏற்றிவிட்டு, நேராகக் கமிஷன் அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே எல்லார் காலிலும் பூவேலை செய்த கம்பளி பூட்ஸ். இப்ராயெவ் வெள்ளி ஜரிகை வைத்ததைப் போட்டிருந்தார். அதனால் துணைத்தலைவர்கள் ஜரிகை இல்லாத வெள்ளை நூலிலும், குமாஸ்தாக்கள் சிவப்பு நூலிலும் போட்டிருந்தார்கள். ஹீட்டர் எரியும் அறையில் அத்தனை பேரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள்.

"சார், காலணின்னா டயர். இது சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்" என்றார் முகாஷ்.

"எனக்கு மட்டும் தெரியாதா? எழுதினதே நான்தானே!" இப்ராயெவ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "காலணின்னா டயர்தான். சந்தேகமே வேண்டாம்."

"அப்ப ஒரு வரி திருத்திடுங்க."

"திருத்தலாம். திருத்தினா தப்பு நடந்திருக்குன்னு ஆகும். தப்புன்னா அதைப் பண்ணவன் ஒருத்தன் வேணும். கையெழுத்துப் போட்டது நான். என்னை விசாரிக்க ஒரு கமிஷன் போடணும். இந்த மாவட்டத்துல கமிஷனுக்குத் தலைவரா இருக்கத் தகுதி உள்ள ஆளு நான் ஒருத்தன்தான். நானே என்னை விசாரிச்சா நல்லா இருக்குமா, நீங்களே சொல்லுங்க."

இப்ராயெவ் மேசைமேல் இருந்த காகிதம் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"தவிர, மேலிடத்துக்கு அறிக்கை போயிடுச்சு. தொண்ணூத்தெட்டு சதவீதம் பேர் மாறிட்டாங்க. நாட்டுலயே நாமதான் முதல். இப்பப் போய் டயர் கியர்னு ஆரம்பிச்சா அந்த சதவீதம் என்ன ஆகும்?"

"சார், சனிக்கிழமை என் மகளையும் பேத்தியையும் கூட்டிட்டு வரணும். பச்சைக் குழந்தை சார்."

"அடடே, வாழ்த்துக்கள்! இதுக்கா இவ்வளவு கவலை? சனிக்கிழமை நம்ம கமிஷன் காரே பிஷ்கேக்லேர்ந்து திரும்புது. நானே வரேன். அதுல கூட்டிட்டு வந்துடலாம். டிரைவர் பூட்ஸ் முதல் தரம்."

முகாஷ் ஜன்னல் வழியாகக் கமிஷன் காரைப் பார்த்தார். அதன் டயரில் பள்ளம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. அந்த டயர்களுக்கு மேலே தன் பேத்தி உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். "வேண்டாம் சார், நானே பூட்ஸ் மாத்திக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

ஒமூரின் கடை வாசலில் கார் ஒன்றுகூட இல்லை. மனிதர்கள் வரிசையில் நின்றார்கள். டயர்க் கடை என்ற பலகை போய், 'நவீனக் காலணிச் சமன்செய் நிலையம்' என்ற பலகை வந்திருந்தது. உள்ளே சக்கரம் சமன்செய்யும் மெஷினில் யாரோ ஒருவருடைய வலது பூட்ஸ் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது அநியாயம்?" என்றார் முகாஷ்.

"வலது கால்ல ஏழு கிராம் கூடுதலாம். ஈயக்கட்டி ஒட்டினா சரியாயிடும்" என்றான் ஒமூர், கண்ணை எடுக்காமல். "சொன்னா நம்ப மாட்ட, நீ வந்துட்டுப் போன இந்த நாலு நாள்ல ஒருத்தன்கூட டயர் மாத்த வரல. எல்லாரும் டயர் வெட்டத்தான் வர்றான்."

"டயரை வெட்டறதா? எதுக்கு?"

"நாலு மில்லிமீட்டர் பள்ளம் உள்ள செருப்பு எந்தக் கடையில இருக்கு? குளிர்கால டயர்லதான் இருக்கு. அதை வெட்டி அடியில ஒட்டறேன். சட்டப்படி சுத்தம்."

"அப்ப கார் எதுல ஓடும்?"

"கோடை டயர்லதான். அதைத்தான் யாரும் கேக்கறதில்லையே!"

முகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். அந்தக் கடையில் மிச்சமிருந்த முழு டயர் அது ஒன்றுதான்.

"காரோட நாலைத் தொட விடமாட்டேன். ஸ்டெப்னிய மட்டும் வெட்டு" என்றார் கடைசியில். "நாலு ஒரே ரகமா இருக்கணுங்கறானே, எனக்கு ரெண்டு கால்தானே இருக்கு?"

"முன்சீட்டுல உக்கார்றவங்களோட ரெண்டு. கமிஷன் விளக்கம் குடுத்திருக்கு. ஸ்டெப்னி பூட்ஸ் ஒண்ணு. மொத்தம் அஞ்சு."

"அஞ்சாவது எந்தக் காலுக்கு?"

"அதுக்கும் விளக்கம் வந்திருக்கு. 'எக்காலுக்கும் பொருந்துவதாக இருத்தல் நலம்.' நான் நேரா, வளைவே இல்லாம செஞ்சுடறேன். எந்தக் காலுக்கும் பொருந்தாது. ஆனா பொருந்தாததுல பாரபட்சம் கிடையாது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகாஷ் ஐந்து பூட்ஸோடு வீட்டுக்குப் போனார். அவர் மனைவி கலிமான் தன் பங்கு இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல எனக்கு ஜோடியா நீங்க ஒண்ணும் வாங்கித் தந்ததில்ல. இப்பத் தர்றீங்க, அதுவும் ஆணி அடிச்சு!"

"போட்டுக்கோ. குழந்தையப் பாக்க வேண்டாமா?"

"இந்த வீட்டுத் தரையில நடந்தா கம்பளம் கிழியும். கம்பளத்துக்கும் உங்க கமிஷன் விளக்கம் தருமா?"

சனிக்கிழமை விடியலில் சாவடியில் கணவனும் மனைவியும் முதுகைத் திருப்பி நின்றார்கள். ஆணி பதித்த காலணி என்பதால் இருவர் முதுகிலும் செயித் முக்கோண ஸ்டிக்கரை ஒட்டினான். பின் டிக்கியைத் திறந்து ஐந்தாவது பூட்ஸைப் பார்த்துத் தலையாட்டினான். பச்சை வில்லை கிடைத்தது. ஸ்டெப்னி டயர் இருந்த பள்ளம் காலியாக இருந்ததை அவன் பார்த்தான். அதற்கும் கட்டம் இல்லை.

பிஷ்கேக்கில் சபீரா அப்பாவையும் அம்மாவையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "தயார்நிலை" என்றாள் கலிமான். துமார் என்று பெயர் வைக்கப்போகிற அந்த ஆறு நாள் குழந்தை எதையும் கேட்காமல் தூங்கியது. பேத்தியின் மூக்கைப் பார்த்ததும் முகாஷுக்கு அழுகையே வந்துவிட்டது. மெதுவாக ஓட்டினார். மதியம் கணவாய் உச்சியைத் தாண்டி இறங்கும்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. கார் தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று.

சாவடிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது ரோடு முடிந்துவிட்டது. கமிஷன் கார் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. அதற்கு முன்னால் அந்த நீலக் கார் மூக்கைப் பள்ளத்தில் நுழைத்திருந்தது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கார்கள், ஒவ்வொன்றும் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு. எல்லாவற்றிலும் பச்சை வில்லை. ஓட்டுநர்கள் எல்லாரும் ரோட்டில் உறுதியாக, ஒருவர்கூட வழுக்காமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டிராக்டர் வரணும். சாயங்காலம் ஆகும்" என்றார் இப்ராயெவ், ஜரிகை பூட்ஸில் பனியைத் தட்டியபடி.

முகாஷ் காரிலேயே காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தார். அதற்குள் மேலேயிருந்து இன்னொரு கார் ஓசையில்லாமல் வழுக்கி வந்து, அவர் காருக்கு நாலடி பின்னால் நின்றது. அதற்கும் மேலே இன்னொன்று வளைவில் ஆடிக்கொண்டிருந்தது. "இறங்குங்க எல்லாரும். இங்க உக்கார்றதும் ஒண்ணுதான், சாகறதும் ஒண்ணுதான்" என்றார். குழந்தையை ஆட்டுத்தோல் கோட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கலிமான் மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மூவரும் ரோட்டோரமாக இறங்க ஆரம்பித்தார்கள்.

ஆணி பூட்ஸ் பனியைக் கவ்விப் பிடித்தது. ஒரு இடத்திலும் சறுக்கவில்லை.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று இப்ராயெவ் பின்னாலிருந்து கத்தினார். "சுற்றறிக்கை வேலை செய்யுது! யாராவது போட்டோ எடுங்கய்யா!"

சாவடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பனி மூடிய உருவங்களைப் பார்த்துச் செயித் ஓடிவந்து கதவைத் திறந்தான். கலிமான் கோபத்தோடு காலைத் தூக்கிக் காட்டினாள். "அளந்துக்கோடா! குழந்தை காலையும் அளந்துக்கோ, கம்பளி சாக்ஸ்தான் போட்டிருக்கு!"

"எதுக்கு அக்கா?" என்றான் செயித் குழப்பத்தோடு. "நடந்து வர்றவங்களுக்குக் காலணி விதி கிடையாதே. நடந்து போறவன் கால்ல என்ன போட்டா எங்களுக்கென்ன? கார்ல வர்றவங்களுக்குத்தான் செருப்பு முக்கியம்."

குழந்தை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. முகாஷின் கார் நான்கு நாள் கழித்து டிராக்டரின் பின்னால் வந்து சேர்ந்தது. மேலேயிருந்து வழுக்கி வந்தவை அதன் பின்பக்கத்தை மடக்கியிருந்தன. கமிஷன் அறிக்கை அதற்கு முன்பே போய்விட்டது. 'கணவாயில் பதினாறு வாகனங்கள் செயலிழந்த நிலையிலும், காலணித் தயார்நிலை காரணமாக உயிர்ச்சேதம் ஏதுமில்லை. ஆறு நாள் சிசு ஒன்று இம்மாவட்டத்துக் காலணியாலேயே காப்பாற்றப்பட்டது.' சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லி முகாஷிடம் காகிதம் வந்தது. அவர் ஒரு மணி நேரம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் பொய் என்று காட்ட ஒரு வரிகூட இல்லை. போட்டுவிட்டார்.

அறிக்கையைப் பாராட்டலாம் என்று எடுத்த தலைநகர அதிகாரி ஒருவர், அதை முழுக்கப் படித்தும்விட்டார். அதனால் மூன்றாவது வாரம் திருத்த ஆணை வந்தது. தப்பு யாருடையது என்று அதில் இல்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரே வரிதான். 'இம்மாவட்டத்தின் அனைத்து அரசு ஆவணங்களிலும் அறிவிப்புகளிலும் காலணி என்று வரும் இடங்களிலெல்லாம் டயர் என்று திருத்தி வாசிக்கவும்.' இப்ராயெவ் அதை அன்றே, ஒரு இடம் விடாமல் நிறைவேற்றினார்.

துமாரின் பிறப்பைப் பதிய முகாஷ் பதிவு அலுவலகத்துக்குப் போனார். வாசல் பலகையில் 'கம்பளம் விரித்துள்ளதால், உள்ளே வருமுன் காலணிகளைக் கழற்றி வெளியே வரிசையாக வைக்கவும்' என்று வருஷக்கணக்காக இருந்தது. இப்போது 'காலணிகளை' என்பதன்மேல் 'டயர்களை' என்று ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. வாசலில் பதினோரு கார்கள் செங்கல்மேல் நின்றன. டயர்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஜனங்கள் சேறு படிந்த பூட்ஸோடு கம்பளத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெருக்குகிற அம்மாள் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

முகாஷ் பலகையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு, திருத்தச் சொல்லப் போனால் எந்த அறையில், யாரிடம், எத்தனை நாள் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலு டயரைக் கழற்ற இருபத்தைந்து நிமிஷம்தான் ஆகும். ஜாக்கியை எடுத்தார்.

நாலாவது டயரைச் சுவரில் சாய்த்துவிட்டு வரிசையில் வந்து நின்றபோது, பிஷ்கேக் நம்பர் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய மனிதர் பலகையைப் படித்தார், செங்கல்மேல் நின்ற கார்களைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு டயரைக் கழற்றாமலே நேராகக் கதவை நோக்கி நடந்தார்.

முகாஷுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கமிஷன்மேல்கூட அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை.

"ஓய், எங்க போறீங்க? போர்டு கண்ணுல படலையா? படிச்சவராத்தானே இருக்கீங்க?"

"ஐயா, அது ஏதோ தப்பா ஒட்டியிருக்காங்க..."

"தப்புன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்கெல்லாம் முட்டி தேயக் கழட்டிட்டு நிக்கறோம், உமக்கு மட்டும் தனிச் சட்டமா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் "அதானே!" என்றார்கள். அந்த மனிதர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். முகாஷ் தன் ஜாக்கியை அவர் கையில் கொடுத்து, எந்த இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும் என்று குனிந்து காட்டினார்.